காதால் படிக்கிற நிரல்

ஜெயசித்ராவுக்குச் சின்ன வயசிலேயே பொழுது சாய்ந்தால் கண் மங்கும். குரும்பலூரில் அவள் அப்பா பெரியசாமி மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுவார். வெங்காயம் பிடுங்குகிற நாட்களில் மற்றவர்கள் இருட்டுகிற வரை காட்டில் நிற்க, அவள் மட்டும் வெயில் தாழும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கொஞ்சம் தாமதித்தால் வரப்பு தெரியாமல் விழுவாள். "மாலைக்கண்ணு, கீரை நெறைய குடு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கீரையும் கொடுத்தார்கள். பகலில் பார்வை நன்றாக இருந்ததால் யாரும் அதற்குமேல் கவலைப்படவில்லை.

படிப்பில் அவள் கெட்டி. பெரம்பலூரிலேயே ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். அங்கே ஒருநாள் ஆய்வகத்தில், தானே எழுதிய ஏழெட்டு வரி நிரல் ஒரு சிப்புக்குள் போய்ச் சின்ன சிவப்பு விளக்கை அணைத்து ஏற்றியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மற்றவர்கள் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட, அவள் மட்டும் விளக்கை இன்னும் மெதுவாக, இன்னும் வேகமாக என்று எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் நம் வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்த வேலை ஊரை விட்டுப் போகாமலே கிடைத்தது. துறைமங்கலத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடராசன் என்பவர் சின்னதாக ஒரு கம்பெனி நடத்திவந்தார். விவசாய மோட்டார்களுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி செய்து விற்பது அவர் தொழில். த்ரீ பேஸ் கரண்டு வந்தால் பெட்டி தானே மோட்டாரைப் போடும். ஒரு பேஸ் போனால் நிறுத்தும். கிணற்றில் தண்ணீர் வற்றினால், மோட்டார் வெறுமே ஓடி உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகாமல் இருக்க நிறுத்தி, மறுபடி ஓடாதபடி நிரலுக்குள் 'பூட்டு' என்று ஒரு குறி போட்டு, தண்ணீர் ஊற அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு போடும். இவ்வளவையும் செய்வது பெட்டிக்குள் இருக்கிற விரல்நுனி அளவுச் சிப்பு. அதற்குள் ஓடுகிற நிரலை நடராசனே எழுதியிருந்தார், அசெம்பிளியில்.

அசெம்பிளியில் சிப்புக்குத் தெரிந்த சின்னச் சின்னக் கட்டளைகள்தான் உண்டு. இதை எடு, அங்கே வை, ஒன்றைக் கழி, மீதி பூஜ்யமானால் இன்ன இடத்துக்குத் தாவு. 'தண்ணி இல்லைன்னா மோட்டாரை நிறுத்து' என்று ஒரே வரியில் சொல்ல அதில் வழி கிடையாது. சிப்பின் இன்ன கம்பிக்காலைப் பார். அங்கே மின்சாரம் இல்லாவிட்டால் எல் இருபத்திரண்டு என்ற இடத்துக்குத் தாவு. இருந்தால் அடுத்த வரிக்கு வா. இப்படித்தான் எழுத வேண்டும். எல் இருபத்திரண்டு எங்கேயோ சில நூறு வரி தள்ளி இருக்கும். அங்கே போனால் அது எல் ஒன்பதுக்குத் திருப்பி அனுப்பும். நடராசனின் நிரல் முழுக்க இந்தத் தாவல்கள்தான். எழுதிய காலத்தில் அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஜெயசித்ரா வந்து சேர்ந்தபின் அவளும் கண்ணால் துழாவித் துழாவிப் பழகிக்கொண்டாள்.

கல்யாணம் ஆகி அரியலூருக்குப் போனாள். கணவன் சுரேஷ்குமார் அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் பிட்டர். தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புவாள். அந்த நாட்களில்தான் பார்வை பகலிலும் குறையத் தொடங்கியது. ஓரங்கள் முதலில் போயின. பஸ் நிலையத்தில் பக்கவாட்டிலிருந்து வருகிற ஆட்களின்மேல் மோதினாள். திருச்சியில் கண் டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, விழித்திரை உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவருவதாகவும், அதை நிறுத்த இப்போதைக்கு மருந்து இல்லை என்றும் சொன்னார். சின்ன வயசு மாலைக்கண் என்று நினைத்ததும் அதுவேதான்.

அவள் அன்று அழவில்லை. வெளியே வந்து சுரேஷ்குமாரிடம், "எவ்வளவு நாளைக்குன்னு கேக்க மறந்துட்டேங்க" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்தான்.

கம்ப்யூட்டர் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு திரைக்கு ஒரு சொல்தான் கொண்டது. பிறகு அதுவும் தெரியவில்லை. முப்பத்திநாலு வயதில் அவள் வேலையை விடுவதாகச் சொல்ல நடராசன் அறைக்குப் போனாள்.

நடராசன் அதிகம் பேசுகிறவர் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "திருச்சியில கம்ப்யூட்டரைப் பேசவச்சு வேலை பாக்கச் சொல்லிக் குடுக்கறாங்களாம். விசாரிச்சு வச்சிருக்கேன். போயிட்டு வாம்மா. ஒன் சீட்டு இங்கதான் இருக்கும்" என்றார்.

"வந்து என்னால முடியலன்னா என்ன சார் பண்றது?"

"அப்ப பேசிக்கலாம்."

அவள் போனாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளைக் கற்றுக்கொண்டாள். முதலில் அது பேசுவது ஒன்றுமே பிடிபடவில்லை. நாளாக நாளாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது, அவள் காதில் மாட்டியிருந்ததை வாங்கிக் கேட்ட அம்பிகா, "என்னக்கா இது, தத்துக்கிளி கத்தற மாதிரி இருக்கு" என்றாள். அம்பிகா அந்தக் கம்பெனியின் சர்வீஸ் இஞ்சினியர். ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். ஜெயசித்ராவுக்கு அந்தத் தத்துக்கிளிப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. கடிதங்கள் எழுதினாள். பெட்டிகளைச் சோதிக்கிற நிரல்களைப் பைத்தான் மொழியில் எழுதினாள். பைத்தான் மேல்மட்ட மொழி. இப்படி என்றால் இதைச் செய், இது முடியும்வரை அதைச் செய் என்று மனுஷர் பேசுவதுபோலவே எழுதலாம். கேட்கவும் சுகமாக இருந்தது.

சிக்கல் திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு கோடையில் அடுத்தடுத்து மோட்டார்கள் கருகின. அம்பிகா போய்ப் பார்த்தாள். பெட்டியில் குறை ஒன்றும் தெரியவில்லை. கரண்டு ஏற்ற இறக்கம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் மூன்றாவதாகக் கலியம்மாளின் மோட்டார் கருகியபோது அந்தக் காரணம் எடுபடவில்லை. கொள்ளிடக்கரைப் பக்கம் கரும்பு போட்டிருந்த அந்த அம்மா, அம்பிகாவை நிற்கவைத்துக் கேட்டது: "தண்ணி இல்லன்னா நிக்கும்னு சொல்லித்தானே மாட்டுனீங்க? போர்ல தண்ணி எறங்கிப்போச்சு, மோட்டாரு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. இதுக்கு என்னா சொல்றீங்க?" அம்பிகா அதை அப்படியே நடராசனிடம் வந்து சொன்னாள்.

நடராசன் தன் நிரலைத் திறந்து இரண்டு நாள் பார்த்தார். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எழுதியது; அவருக்கே பல இடங்கள் அந்நியமாகியிருந்தன. "நீயும் ஒரு தடவ பாரும்மா" என்று ஜெயசித்ராவிடம் கொடுத்தார்.

அவள் காலையில் உட்கார்ந்தாள். எல் இருபத்திரண்டுக்குத் தாவு என்று குரல் சொன்னது. எல் இருபத்திரண்டைத் தேடிப் போனாள். அங்கே இரண்டு வரி, பிறகு எல் ஒன்பதுக்குத் தாவு. அங்கே போனாள். எல் நாற்பதுக்குத் தாவு. நாலாவது தாவலில் தான் எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோயிற்று. கண் இருந்தபோது திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். காதுக்கு முன்னும் பின்னும் கிடையாது. ஒவ்வொரு வரியாகத்தான் வரும், வந்த வரி போய்விடும். சாயந்தரம் அம்பிகா தேநீர் கொண்டுவந்து வைத்தபோது அவள் காதுமாட்டியைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்தாள்.

"முடியலையாக்கா?"

"வாசிக்குது. வாசிக்கறதெல்லாம் புரியுது. ஆனா அது என்னா சொல்லுதுன்னு புரியல."

அன்று பஸ்ஸில் அரியலூர் திரும்பும்போது அவளுக்குத் துக்கமாக இருந்தது. கண் போனபோதுகூட இவ்வளவு துக்கப்படவில்லை. வேலை கையைவிட்டுப் போகிறது என்று முதல்முறையாகப் பயந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது மனசு வேறு பக்கம் திரும்பியது. பைத்தானில் எழுதியது மட்டும் எப்படிக் காதுக்குப் புரிகிறது? அதுவும் வரி வரியாகத்தானே வருகிறது. யோசித்துப் பார்த்தாள். பைத்தானில் 'இப்படி என்றால்' என்று ஒன்று தொடங்கினால், அது எங்கே முடிகிறது என்பது அதே இடத்தில் தெரியும். வேறு எங்கேயும் ஓட வேண்டியதில்லை. தாவல்கள் அங்கேயும் உண்டு, சிப்புக்குள் போகும்போது எல்லாம் தாவல்கள்தான். ஆனால் அந்தத் தாவல்களுக்குப் பெயர் வைத்து நினைவில் சுமக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மனுஷர் தலையில் விழுவதில்லை.

அப்படியானால் அசெம்பிளியிலும் அந்தச் சுமக்கிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் என்ன?

மறுநாள் இதை அம்பிகாவிடம் சொன்னாள். "மொத்தத்தையும் சி மொழியில எழுதிட்டா முடிஞ்சுதே அக்கா" என்றாள் அம்பிகா. சி மொழியும் மேல்மட்ட மொழிதான்; அதை ஒருமுறை முயன்று பார்த்திருந்தார்கள். அந்தச் சிப்பில் இருப்பதே இரண்டாயிரத்துச் சொச்சம் பைட் இடம். சி மொழியில் எழுதியது அதற்குள் அடங்கவில்லை. பெரிய சிப்புக்கு மாற்றலாம் என்றால், வயல்காடுகளில் ஏற்கெனவே மாட்டிய பெட்டிகள் எத்தனையோ. அவற்றின் பலகையில் இந்தச் சிப்புதான் உட்காரும்.

"அசெம்பிளியாவே இருக்கட்டும். பேச்சு மட்டும் மாறட்டும்" என்றாள் ஜெயசித்ரா.

நடராசனிடம் போய்ச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நாம ஒண்ணு எழுத, அது உள்ள வேற ஒண்ணா மாறி நிக்கும். சிப்புக்குள்ள என்னா போவுதுன்னு வரிக்கு வரி எனக்குத் தெரியணும். அதுக்காகத்தானே அசெம்பிளியில எழுதுனேன்."

"ஒரு பைட் கூட மாறாது சார். நீங்க எழுதுனதும் நான் எழுதுறதும் சிப்புக்குள்ள ஒண்ணாவே போவும். மாறுச்சுன்னா தூக்கிப் போட்டுடறேன்."

அவர் "ஒரு பைட் கூட மாறக் கூடாது" என்று மட்டும் திருப்பிச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது சம்மதம்.

அவள் செய்தது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அசெம்பிளி எழுதியவர்கள் ரொம்பக் காலத்துக்கு முன்பே இப்படி வசதிகள் செய்துவைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் நடராசனின் கம்பெனியில் இருந்த பழைய மென்பொருளில் அது கிடையாது. ஆகவே பைத்தானில் தானே ஒரு மொழிபெயர்ப்பு நிரல் எழுதினாள். 'இப்படி என்றால்' என்பதற்கு இஃப், 'இல்லாவிட்டால்' என்பதற்கு எல்ஸ், அது முடிகிற இடத்தில் எண்டிஃப் என்று எழுதினால் அது தேவையான தாவல்களைத் தானே போடும். இவ்வளவு தடவை திரும்பச் செய் என்றால் கழித்துப் பார்த்துத் தாவுகிற கட்டளையைப் போடும். சிப்பின் கால்களுக்குப் பெயர் வைத்தாள். பி ஒன் புள்ளி மூன்று என்றிருந்தது 'தண்ணி_இருக்கு' ஆயிற்று, ஆங்கில எழுத்தில். அதோடு நில்லாமல், திரைவாசிப்பான் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்தள்ளி இருக்கிறது என்பதை ஒரு சின்ன ஒலியால் சொல்கிறபடி வைத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனைக்குள் போனால் சுருதி ஒரு படி ஏறும். வெளியே வந்தால் இறங்கும். தான் எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்பது எப்போதும் காதில் இருந்தது.

பிறகு நடராசனின் நிரலைத் துண்டு துண்டாக எடுத்துப் புதுப் பேச்சில் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பழையதையும் புதியதையும் சிப்பு மொழிக்கு மாற்றி ஒப்பிட்டாள். முதல் துண்டு ஒத்துவந்தது. நடராசனைக் கூப்பிட்டாள். அவர் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பைட் பைட்டாகப் பார்த்தார். பிறகு அவள் எழுதியதை மட்டும் மேலிருந்து கீழ் வரை வாசித்தார். 'தண்ணி இல்லை என்றால், மோட்டாரை நிறுத்து, பூட்டு போடு, எண்டிஃப்.'

"இதையா நான் எழுதிருக்கேன்?" என்றார் மெதுவாக.

"நீங்கதான் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலை வேகமாக நடந்தது. ஆனால் மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டாள். எப்படி எழுதினாலும் அந்த மூன்றும் புதுப் பேச்சுக்குள் அடங்கவில்லை. இரண்டு இடங்கள் ஏன் அடங்கவில்லை என்பதைச் சற்று யோசித்துக் கண்டுபிடித்தாள்; அவை தீங்கில்லாத குறுக்குவழிகள். மூன்றாவது அப்படி இல்லை. கரண்டு விட்டு வந்தால் என்ன செய்வது என்ற பகுதியிலிருந்து ஒரு தாவல், மோட்டார் போடுகிற பகுதியின் நடுவில் போய் விழுந்தது. 'இப்படி என்றால்' என்ற கதவு வழியாக வராமல் சன்னல் வழியாக ஏறிக் குதித்ததுபோல. அதனால்தான் எந்த இஃபுக்குள்ளும் அதை வைக்க முடியவில்லை.

அந்தத் தாவல் எந்த வரிகளைத் தாண்டிக் குதிக்கிறது என்று பார்த்தாள். இரண்டே வரிகள். பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்க்கிற வரிகள்.

அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டாள். காதுமாட்டியைக் கழற்றாமலே, "சார், கொஞ்சம் வரீங்களா" என்று கூப்பிட்டாள்.

நடராசன் வந்து பார்த்ததும் அந்த இடத்தை அடையாளம் கண்டுகொண்டார். "இது நான் இடம் பத்தாம பண்ணது. ரெண்டு பக்கமும் கடைசி வரிங்க ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரு தடவ எழுதி, ரெண்டு பகுதியும் அதுலயே போய்ச் சேரட்டும்னு விட்டேன். அப்ப பூட்டே கெடையாது. பூட்டு பின்னாடி சேத்தது."

"தண்ணி வத்திப் பூட்டு விழுந்து, அந்த அரை மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ கரண்டு விட்டு வந்துச்சுன்னா, பூட்டைப் பாக்காம மோட்டாரைப் போட்டுரும் சார்."

அம்பிகாவும் வந்து நின்றாள். "திருமானூர்ப் பக்கம் கரண்டு லைன்ல கடைசி ஊருங்க அதுங்க. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ கரண்டு விட்டு விட்டு வரும். கோடையில போர்ல தண்ணியும் எறங்கிடும்" என்றாள். "இங்க நம்ம பக்கம் கெணறு வத்தும், ஆனா லைன் அவ்வளவு மோசமில்ல. அதான் இங்க இந்தக் கோளாறு வெளிய வரல."

சோதனை மேசையில் ஒரு பெட்டியைச் சின்ன மோட்டார் ஒன்றோடு இணைத்து, தண்ணீர் இல்லை என்று காட்டிப் பூட்டவிட்டார்கள். அம்பிகா மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டாள். சொன்னபடியே மோட்டாரைப் போடுகிற ரிலே டப்பென்று விழுந்தது. ஓடக் கூடாத மோட்டார் ஓடியது. நடராசன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த மூணு பேருக்கும் மோட்டார் காயில் நம்ம செலவுல கட்டிக் குடுத்துருங்க. நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

அந்தத் தாவலுக்கு முன்னாலும் பூட்டைப் பார்க்கிற வரிகளைச் சேர்க்க இடம் வேண்டும். சிப்பிலோ இடம் இல்லை. ஆனால் நிரல் இப்போது வாசிக்கிற மாதிரி இருந்ததால், காத்திருக்கிற வேலையை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருப்பது ஜெயசித்ராவின் காதில் பட்டது. தாவல்களுக்குள் அவை வேறு வேறாகத் தெரிந்தன. கேட்டால் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கி, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஒரே துணைநிரலாக மாற்றினாள். பூட்டுக்கு வேண்டியது போக மிச்ச இடமும் இருந்தது. பைட் மாறக் கூடாது என்று சொன்ன நடராசனே, "இது மாறலாம்மா" என்றார்.

புதுச் சிப்புகளை மாற்ற அம்பிகா திருமானூர் கிளம்பியபோது ஜெயசித்ராவும் கூடப் போனாள். கலியம்மாளின் வயலில் போர்வெல் ஓரமாக அவளை நிற்கவைத்துவிட்டு அம்பிகா பெட்டியைத் திறந்தாள். மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் உணர்கிற கம்பியைக் கழற்றினாள். மோட்டார் நின்றது. மெயினை நிறுத்திப் போட்டாள். மோட்டார் பேசாமல் இருந்தது. மறுபடி நிறுத்திப் போட்டாள். அப்போதும் அசையவில்லை.

கலியம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. பிறகு ஜெயசித்ராவின் கையிலிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்து, "நீங்களா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டது.

"நாங்க மூணு பேருங்கம்மா."

"கண்ணு தெரியாம எப்படிம்மா பாத்தீங்க?"

"காதால கேட்டங்கம்மா. வாசிச்சுச் சொல்லும்."

"கேட்டாலே தெரிஞ்சுருமா?"

"ஒழுங்கா எழுதியிருந்தா தெரியுங்கம்மா" என்றாள் ஜெயசித்ரா.

கலியம்மாள் ரெண்டு கரும்பை ஒடித்து, தோகை உரித்துக் கொடுத்தனுப்பியது. பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் பெரும்பாடாகிவிட்டது.

இப்போது அந்தக் கம்பெனியில் பழைய சிப்புக்கான எல்லா நிரலும் ஜெயசித்ராவின் பேச்சில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அசெம்பிளி பயமில்லாமல் படிக்கிறார்கள். அம்பிகாவே வயலில் நின்றுகொண்டு போனில், "அக்கா, பேஸ் பாக்கற எடத்துல எல்ஸ் பக்கம் ஒண்ணு விட்டுப்போன மாதிரி இருக்கு, கேட்டுப் பாருங்க" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கண்ணில்லாத ஒருத்திக்காகச் செய்தது என்று அதை இப்போது யாரும் நினைப்பதில்லை. வேறு எப்படி எழுதுவது என்றுதான் நினைக்கிறார்கள்.

போன வாரம் நடராசன் தானே ஒரு பகுதியைப் புதுப் பேச்சில் எழுதி, அவள் மேசைக்கு அனுப்பிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சரியா இருக்கான்னு கேளும்மா" என்றார்.

அவள் வேகத்தைக் குறைத்து, அவருக்கும் கேட்கிறபடி ஒலிபெருக்கியில் விட்டாள். குரல் வாசித்துக்கொண்டே போனது. சுருதி ஏறியது, இன்னும் ஏறியது, ஒரு படி இறங்கியது, அடுத்த படி இறங்காமலே நின்றுவிட்டது.

"ஒரு எண்டிஃப் பாக்கி இருக்கு சார்" என்றாள்.

"எங்க?"

அவள் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நடராசன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அதைத் தட்டிச் சேர்த்தார். இருவரும் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்கள்.